கொண்டை ஊசி

மூன்று கிலோ கேட்டேன்.
ஐந்து கிலோ நிறுத்தான் ஹமதான் சந்தை ஃபெரைதூன்.
"புளிப்புச் செர்ரிக்குப் பத்து நாள்தான் ஆயுள், கானோம்.
இன்று விட்டால் அடுத்த வருஷம்."
அவன் தலைக்குப் பின்னால் அல்வந்த் மலையில்
இன்னும் ஒரு கைக்குட்டை அளவு பனி.

பதினொரு மணிக்குப் பத்திரப் பதிவு.
எட்டு மணிக்கே தரையில் செய்தித்தாள் விரித்து
உட்கார்ந்துவிட்டேன்.
தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி
வளைந்த பக்கத்தைக் காம்புக் குழியில் நுழைத்து
ஒரு சுண்டு.
கொட்டை வெளியே. சாறு முகத்தில்.
கை பழகினால் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு.
எண்ணாமல் இருக்க வராது எனக்கு;
பதினாறு வருஷம் மருந்துக்கடையில்
மாத்திரை எண்ணியவள்.

வீடு என்று சொன்னால் சிரிப்பீர்கள்.
நாலாவது மாடி. லிஃப்ட் இல்லை.
ஓர் அறை, அந்த அறையைப் பார்த்துப்
பொறாமைப்படும் ஒரு சமையலறை.
குளியலறைக் கதவு பாதி திறந்ததும்
தொட்டியில் இடித்து நிற்கும்.
ஆனால் பத்திரத்தில் வாங்குபவர் பெயர் ஒன்றே ஒன்று:
மஹ்லகா ரஸ்தெகார்.
புருஷன் பெயருக்குக் கட்டம் இருக்கிறதா என்று
தேடிப் பார்த்தேன்.
இல்லை.

பழத்தின்மேல் சர்க்கரையைக் கொட்டி
அது தானாக அழட்டும் என்று விட்டேன்.
அதற்குள் அரிசி கொதிக்கு வந்தது.
பானைக்கு ஒரு சோறு பதம்;
அந்த ஒன்றைப் பல்லில் வைத்தேன்.
விளிம்பு மெத்து, நடுவில் ஓர் எலும்பு.
எலும்பு இருக்கும்போதே வடித்துவிட வேண்டும்.
முழுக்க வெந்ததைத் தம்மில் போட்டால்
களிதான் மிஞ்சும்.

அடியில் நெய், நெய்யில் ரொட்டி.
சோறு. செர்ரி. சுண்டைக்காய் அளவில்
உருட்டிப் பொரித்த இறைச்சி.
பட்டையும் ஏலமும் இடித்த தூள், இரண்டு சிட்டிகை.
மறுபடி சோறு.
மலையாகக் குவித்து, கரண்டிக் காம்பால்
ஐந்து துளை, மூச்சு விட.
ஐஸ் கட்டியின்மேல் குங்குமப்பூப் பொடி
மெல்ல உருகிக்கொண்டிருந்தது.
அதை அவசரப்படுத்த முடியாது.
அவசரம் எனக்குத்தான்.
மூடியைத் துணியால் கட்டித் தீயைத் தணித்தபோது
மணி பத்தேகால்.

எதிர்க் கதவைத் தட்டினேன்.
சுதாபேயின் மகன், பதினான்கு வயது,
இரண்டு காதிலும் பாட்டு.
"கரியும் வாசனை வந்தால் அடுப்பை அணை."
"கரியும் வாசனை எப்படி இருக்கும்?"
"வந்தால் தெரியும்."

சோப்பு மூன்று தடவை, எலுமிச்சை ஒரு தடவை.
விரல் வெளுக்கவில்லை.
பதிவாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்:
"யாரைக் கொன்றுவிட்டு வருகிறீர்கள்?"
மூன்று வாரப் பேரத்தில் ஒரு தோமான் குறைக்காத
விற்பவர், ஜம்ஷீத் ஆகா,
முதல் தடவையாகச் சிரித்தார்.
"செர்ரிச் சோறா? கோழியா, உருண்டையா?"
"உருண்டை."
"எங்கள் வீட்டில் கோழி," என்றவர்
"எங்கள் வீட்டில்" என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு
பேனாவைத் தேடினார்.
பேனா அவர் கையில்தான் இருந்தது.

சுட்டுவிரலை நீல மையில் அழுத்தி
என் பெயருக்குப் பக்கத்தில் வைத்தேன்.
நீலமாகவும் இல்லை, சிவப்பாகவும் இல்லை.
பதிவாளர் ஊதினார். "காயட்டும்."
சாவி நான்கு கொடுத்தார் ஜம்ஷீத் ஆகா.
"இது வாசல், இது தெருக்கதவு, இது தபால் பெட்டி.
இது எதற்கென்று எனக்கும் தெரியாது."

திரும்பி வந்தால்
பையன் அடுப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு
காதைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.
"வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது.
அதனால் போகவில்லை."

இருவருமாகப் பானையைத் தாம்பாளத்தில் கவிழ்த்தோம்.
பாதி ரொட்டி பொன்னாக வந்தது.
பாதி வரமாட்டேன் என்றது.
வராததைச் சுரண்டிச் சுரண்டி அவனே தின்றான்.
பிறகு சோற்றில் கை வைத்தான்.
கடக்.
வாயிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து
தட்டின் ஓரத்தில் வைத்தான், மரியாதையாக.
எண்ணினேன் என்று சொன்னேனே,
அந்த லட்சணம்.

கழுவி வைக்கலாமென்று கொண்டை ஊசியைத் தேடினேன்.
செய்தித்தாளில் இல்லை. தொட்டியிலும் இல்லை.
முக்காட்டை அவிழ்த்தால்
தலையில் இருக்கிறது,
பிசுபிசுவென்று,
பதிவாளர் முன் நின்றபோதும்
அங்கேதான் இருந்திருக்கிறது.